துண்டுக்கு அடியில்

ஆணியில் தொங்கிய துண்டு நனைந்திருந்தது.

ஐப்பசியில் ஈரத் துண்டைக் கண்டு யாரும் மிரள்வதில்லை. அந்த மாதத்தில் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் காய்ந்த துணி என்று ஏதாவது இருந்தால் அதைத்தான் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டும். மத்தியானச் சோறு செரிக்கும் முன்பே செம்பனைக் காட்டுக்கு மேல் வானம் கறுக்கும். தகரக் கூரையில் முதலில் ஒரு பிடி அரிசியை வீசியதுபோல் கேட்கும். அடுத்த மூச்சுக்குள் மூட்டையையே அவிழ்த்துக் கொட்டிவிடும். தீபாவளிக்கென்று சுவரில் அடித்த சாயம் பண்டிகை முடிந்த பிறகும் கையில் ஒட்டும். முறுக்கைக் காலையிலேயே சுட்டு, ஆறியதும் டின்னில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடவேண்டும். கொஞ்சம் அசந்தால் முறுக்கை முடிச்சுப் போட்டுப் பார்க்கலாம். கோலம் வீட்டுக்குள். பட்டாசு அரிசி டின்னுக்குள். மழைக்கும் தீபாவளிக்கும் நடுவே வருஷா வருஷம் ஒரு பேரம் நடக்கும். மழை காலையை விட்டுக்கொடுக்கும், மாலையை எடுத்துக்கொள்ளும். முருகையாவுக்கு அந்தப் பேரத்தில் எந்தக் குறையும் இருந்ததில்லை, போன வருஷம்வரை.

ஆனால் இந்தத் துண்டு வேறு. சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட இந்தத் துண்டை ஒரு வருஷமாக ஒருவரும் தொட்டதில்லை. கூடத்தின் உட்சுவரில், ஒழுகாத மூலையில், தொட்டால் கெட்டுவிடும் என்பதுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு முதல்நாள் காலையில் அதைத் தாண்டிப் போன முருகையாவின் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். கூரை காய்ந்து கிடந்தது. துண்டை எடுத்தார். கனத்தது. பிழிந்தபோது மழைத் தண்ணீர் வரவில்லை. பழுப்பாக, மணலோடு, ஆற்றுச் சேறும் அழுகிய பனைமட்டையும் கலந்த வாடையோடு வந்தது.

"ராக்கம்மா, இந்தத் துண்டை அலசினியா?"

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "தொட்டா கையை ஒடிப்பேன்னு சொன்னது நீங்கதான். நான் எதுக்குத் தொடறேன்?"

எலி, பூனை, சுவருக்குள் ஊறிய நீர் என்று ஒவ்வொன்றாக மனத்தில் அடுக்கிப் பார்த்தார் முருகையா. ஆட்டு வியாபாரி எந்தக் குறைக்கும் ஒரு காரணம் வைத்திருப்பான். கால் நொண்டினால் வழியில் கல் குத்தியது, கண்ணில் நீர் வடிந்தால் தூசு விழுந்தது. வாங்க வருகிறவனுக்குச் சொன்ன காரணங்களை அன்றைக்குத் தனக்கே சொல்லிக்கொண்டு, துண்டை வெயிலில் போடலாம் என்று தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார்.

சிரம்பானை அடுத்த சுங்கை காடுட்டைத் தாண்டி உள்ளே போகும் அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து வெகு காலம் ஆகிறது. ஜனமும் பாதிக்கு மேல் பட்டணத்துக்குப் போய்விட்டது. முருகையா மட்டும் லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஆடு வளர்த்தார். தீபாவளி நெருங்கினால் சிரம்பானிலிருந்தும் பாரோயிலிருந்தும் கார்கள் சேற்றில் சறுக்கிக்கொண்டு அவர் வாசலுக்கு வரும்.

துண்டு அந்த வியாபாரத்தின் உயிர்நாடி. சந்தைகளில் மாட்டு வியாபாரிகள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். முருகையா அதைத் தன் வசதிக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவரோடு பேச்சு வாயால் நடக்கும். பக்கத்தில் மகன் புனிதன் நிற்பான். முருகையாவின் வலது முன்கையில் துண்டு தொங்கும், அதற்கு அடியில் மகனின் கை. அவன் அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்தால், விடாதே, நில். நடுவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால், குறை. கை முழுவதையும் பற்றி ஓர் அழுத்து அழுத்தினால், முடி, கொடு. பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்த அந்தப் பையனுக்கு மனிதர்களைப் படிக்கத் தெரிந்திருந்தது. வாங்க வந்தவரை அவன் பார்க்கவே மாட்டான். கூட வந்த மனைவியைத்தான் பார்ப்பான். அந்தம்மாள் ஆட்டுத் தொடையைப் பார்த்தால் சுண்டுவிரல். கைப்பேசியைப் பார்த்தால் நடுவிரல்கள். அவன் கை ஒருநாளும் தப்பு சொன்னதில்லை.

போன வருஷம் இதே நாள் மாலையில், மழை கட்டிக்கொண்டு நின்ற வேளையில், பாரோயிலிருந்து வந்த ஒருவர் ஒரு கறுப்புக் கிடாய்க்குப் பேரம் பேசினார். புனிதன் நடுவிரல்களைப் பிடித்தான். குறை. முருகையாவுக்கு மனம் வரவில்லை. மறுபடியும் பிடித்தான், வலிக்கும்படி. அப்போது முருகையா, வியாபாரத்தில் தான் கற்ற வித்தை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார். "வெல அதேதான். ஆனா மகன் வீட்டுக்கே கொண்டாந்து கொடுத்துடுவான்."

கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை போடுவதுபோல் மகனைக் கொசுறாகப் போட்டார்.

 புனிதன் கிடாயை மோட்டார் சைக்கிளில் முன்னால் கட்டிக்கொண்டு மழைக்குள் போனான். தோட்டத்து வாசலுக்கு முன்னால் ஆற்றின் மேல் தாழ்வான சிமெண்டுப் பாலம்; மலைப்பக்கம் பெய்தால் அதற்கு மேல் தண்ணீர் ஏறிவிடும். மோட்டார் மறுநாள் ஒரு பனையடியில் சொருகிக் கிடந்தது. தீயணைப்புப் படையின் பொம்பாக்காரர்கள் ரப்பர் படகில் ஆற்றின் கடைசிவரை தேடிவிட்டுத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். புனிதன் கிடைக்கவில்லை. தீபாவளி விடிகாலையில், எல்லா வீட்டிலும் எண்ணெய் தேய்க்கும் நேரத்தில், அறுந்த கயிற்றை இழுத்துக்கொண்டு கறுப்புக் கிடா மட்டும் கொட்டகைக்குத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு முருகையா யாரோடும் ஒரு விஷயத்தில் மட்டும் பேரத்துக்கு வரவில்லை. கருமாதி கிடையாது. படத்துக்கு மாலை கிடையாது. கண்ணால் பார்க்காத சரக்கைக் கைமாறிவிட்டதாக ஒத்துக்கொள்ள அவர் என்ன நேற்றைக்கு வியாபாரத்துக்கு வந்தவரா. தலையில் அடிபட்டுப் பேர் மறந்து எங்காவது இருப்பான். போர்ட்டிக்சன் பக்கம் மீன்படகில் யாரோ பார்த்தார்களாம். ஜொகூரில் ஒருவன் அவன் சாயலாம். சொன்னவர்களுக்கெல்லாம் முருகையா தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

கொட்டகையில் அன்று மத்தியானம் கடைசி வாடிக்கையாளனாகச் சிரம்பானிலிருந்து அரவிந்த் என்ற இளைஞன் வந்திருந்தான். வெள்ளைக் காலணி. அதைச் சேற்றில் படாமல் வைப்பதிலேயே அவனுக்குப் பாதிக் கவனம்.

"அங்கிள், அந்தக் கறுப்புக் கிடா எவ்ளோ?"

"அது விக்கிறதுக்கு இல்ல தம்பி."

"எல்லாரும் அப்படித்தான்லா ஆரம்பிக்கிறீங்க."

"இது ஆரம்பம் இல்ல தம்பி, முடிவு. இந்தச் சாம்பல் கிடாயைப் பாருங்க. மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான்."

"மாப்பிள்ளைக்கு வயசு கூடிப்போச்சு போல." அரவிந்த் சிரித்தான். பிறகு கொட்டகைக்கு வெளியே கையைக் காட்டினான். "அது ஏன் அங்கிள் மழையில நிக்குது?"

தூறல் விழத் தொடங்கியிருந்தது. ஆட்டுக்கு மழை ஆகாது. ஒரு சொட்டு பட்டாலே அலறிக்கொண்டு உள்ளே ஓடிவரும். மற்ற ஆடுகளெல்லாம் உள்ளே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஒடுங்கி நின்றன. கறுப்புக் கிடா மட்டும் திறந்த வெளியில், மயிர் நனைந்து விலாவில் ஒட்ட, பாலத்துக்குப் போகும் பாதையைப் பார்த்து அசையாமல் நின்றது.

அப்போதுதான் ஈரத் துண்டுக்கு அடியில் முருகையாவின் சுண்டுவிரலை ஏதோ பிடித்தது.

பழக்கத்தில், வெயிலில் போட்டும் காயாத துண்டைத் தோளிலிருந்து எடுத்து வலது கையில் போட்டிருந்தார். நனைந்த துணி, விரலில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படித்தான் இருக்கும். துணி சுற்றினால் விரல் முழுவதும் இறுகும். இது அடிக்கணுவில், இரண்டு பக்கமும், அளவாகப் பிடித்திருந்தது.

"அங்கிள்? வீட்டுக்குக் கொண்டாந்து தருவீங்களா? சாய்ந்தரமா வந்தாலும் ஓகேலா."

பிடி சுண்டுவிரலை விட்டது. நடுவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தது. குளிர்ச்சி. ஆற்றங்கரைக் கல்லைத் தூக்கினால் அடியில் இருக்குமே, அந்தக் குளிர்ச்சி.

"கொண்டாந்தெல்லாம் தர முடியாது." முருகையாவின் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "சாம்பலை நீங்க சொல்ற வெலைக்கே பிடிச்சிட்டுப் போங்க. மழ வலுக்குறதுக்குள்ள பாலத்தைத் தாண்டிடுங்க. போங்க தம்பி."

பக்கத்தில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த மகள் ரோகினி திரும்பிப் பார்த்தாள். சிரம்பானில் வேலை, பண்டிகைக்கு வந்திருந்தாள். "அப்பா, அவரு சொல்ற வெலைக்கா? உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

முருகையா துண்டை உதறினார். உள்ளே ஒன்றும் இல்லை. நடுவிரல்கள் இரண்டும் வெளுத்துச் சுருங்கியிருந்தன, வெகுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல. மற்ற விரல்கள் நன்றாகத்தான் இருந்தன.

மாலையில் வானம் மொத்தமாக இறங்கியது. தோட்டத்து வீடுகளில் தீபாவளிக்கு முதல்நாள் அந்தி, செத்தவர்களுக்கு உரியது. அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, இலையில் படைத்து, புதுத்துணி வைத்து, கற்பூரம் காட்டி அழைப்பார்கள். பிறகு வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும், உயிரோடு இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் கூச்சப்படுவார்கள் என்று சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டி, தட்டிய பிறகும் சற்றுப் பொறுத்துத்தான் உள்ளே போவது வழக்கம். சொந்த வீட்டுக் கதவை மனிதர்கள் தட்டிவிட்டு நுழைவது அந்த ஒரு நாள்தான்.

ராக்கம்மா கூடத்தில் இரண்டு இலைகளை விரித்தாள். முருகையாவின் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. மூன்றாவது இலையைத் துடைத்தாள்.

"அது எதுக்கு?"

"தெரிஞ்சிக்கிட்டே கேக்காதீங்க, புனிதன் அப்பா."

"செத்தவங்களுக்குத்தான் எல போடுவாங்க, ராக்கம்மா."

"பசிச்சவங்களுக்கும்தான் போடுவாங்க." அவள் நிமிரவில்லை. "ஒரு வருஷமா நனைஞ்சிக்கிட்டுக் கெடக்கான். நான் ஒரு வாய் சோறு வைக்கிறேன்னு சொல்றேன். உங்க வழக்கை நான் தோக்கடிக்க வரல."

"வெளியில எங்கயோ உசுரோட இருக்கிறவனுக்கு எல போட்டா அவன் ஆயுசுக்கு என்ன ஆகும்?"

"அப்ப ஒரு கடுதாசி, ஒரு போன். ஒரு வருஷத்துல ஒரு போன் பண்ணியிருக்க மாட்டானா எம்புள்ள?"

 வேறு வழி தெரியாததால், முருகையா பேரத்தில் இறங்கினார். இலை போடலாம், படம் கூடாது. சோறு வைக்கலாம், விளக்கு கூடாது. புதுத்துணி கூடாது என்றார். நீலச் சட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டேன் என்றாள் அவள். சரி, மடித்தபடியே ஓரமாக இருக்கட்டும் என்று முடிந்தது.

"பேரைச் சொல்லி மட்டும் கூப்பிடக் கூடாது."

ராக்கம்மா சுவரைப் பார்த்தாள். ஆணியில் துண்டு இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். "சரி," என்றாள். "நான் கூப்பிடல."

"ஒருத்தனுக்குச் சோறு போடுறதுக்கே பேரம் பேசுற வீடு நம்ம வீடுதான்," என்றாள் ரோகினி. சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியில் உடைந்துபோய் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மூன்றாவது இலையில் நெத்திலி சம்பல், ஆட்டு ஈரல் பெரட்டல், அவித்த முட்டை, குவித்த வெள்ளைச் சோறு, ஒரு குவளைத் தண்ணீர். கற்பூரம் காட்டி முடித்தபோது எங்கோ இடி விழுந்து கரண்டு போனது. பெரியவர்கள் இருவரின் படத்துக்கு முன்னால் இருந்த குத்துவிளக்கின் ஒற்றைத் திரி மட்டும் மிஞ்சியது.

"வாங்க, வெளியில போவோம்," என்றாள் ராக்கம்மா.

"நீங்க போங்க. நான் பின்னால போய்க் கிடாயைக் கட்டிட்டுச் சுத்திக்கிட்டு வரேன்."

முன்கதவு சாத்தப்பட்டது. முருகையா அடுப்படி வழியாகப் போனார், பின்கதவைத் திறந்தார், ஓசை கேட்கும்படி சாத்தினார். தான் மட்டும் உள்ளே நின்றுகொண்டார்.

அவருடைய கணக்கு எளிமையானது. ஆட்டை வாங்குகிறவன் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்காமல் வாங்கமாட்டான். மூன்றாவது இலையில் ஒரு பருக்கையும் அசையாமல் இருப்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். யாரும் வரவில்லை. ஆகவே மகன் சாகவில்லை. இந்த வருஷத்துக்கு வழக்கு அவர் பக்கம். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்த தாழ்ந்த பலகையில், திரைச்சீலை ஓரமாக உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டார். ஏன் எடுத்து வந்தார் என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. கை சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

மழை தகரத்தில் இடைவிடாமல் விழுந்து விழுந்து ஒரு கட்டத்தில் அது சத்தமாகவே படாமல், சுவர்களைப் போல, வீட்டின் ஒரு பாகமாக ஆகிவிட்டது. அதற்கு அடியில் மெல்ல மெல்ல மற்றச் சத்தங்கள் தலைகாட்டின, வாசல் தாழ்வாரமான அஞ்சடியில் ராக்கம்மா மூக்கை உறிஞ்சுவது, ரோகினியின் கண்ணாடி வளையல், பக்கத்து லயத்துப் பேட்டரி வானொலியில் யாரோ தீபாவளி வாழ்த்துச் சொல்வது, விளக்கின் திரி எண்ணெயை இழுக்கும் சின்னச் சீறல். கற்பூரமும் சாம்பிராணியும் ஈரலின் மிளகு வாசமும் கூடத்தில் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டிருந்தன. பிறகு அவற்றுக்கு நடுவே, கூட்டத்தில் இடித்துக்கொண்டு நுழைகிறவனைப்போல், இன்னொரு வாடை வந்தது. காலையில் துண்டிலிருந்து வந்த அதே வாடை. ஆற்றுச் சேறு. அழுகிய மட்டை. ஊறிய ஆட்டு மயிர்.

வெகு தூரத்தில் ஒரு மோட்டார் இருமியது.

தண்ணீர் ஏறிய இன்ஜின் அப்படித்தான் இருமும். பாலத்துப் பக்கம் தொடங்கி, பனைகளுக்கு நடுவே, நின்று நின்று வந்தது. அஞ்சடியில் இருப்பவர்களுக்கும் கேட்டிருக்க வேண்டுமே என்று முருகையா காதைத் தீட்டினார். வளையல் சத்தம் இல்லை. மூக்கு உறிஞ்சும் சத்தம் இல்லை. வானொலியும் நின்றிருந்தது. மோட்டார் வீட்டுக்குப் பின்னால் வந்து அடங்கியது. கிடா ஒரே ஒரு முறை கத்தியது. பயந்து கத்தவில்லை. தழை கொண்டுவரும் ஆளைக் கண்டால் கத்துமே, அப்படி.

முன்கதவு திறக்கவில்லை. பின்கதவும் திறக்கவில்லை.

விளக்கு சாய்ந்து நிமிர்ந்தது. மூன்றாவது இலைக்கு முன்னால் சிமெண்டுத் தரை கறுத்தது. ஈரம். ஒரு பாதத்தின் அளவு. அதன் பக்கத்தில் இன்னொன்று.

குவித்த சோற்றின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. மெதுவாக. புனிதன் குழம்புக்குக் குழி தோண்டுவதுபோல, கட்டைவிரலால்.

முருகையா கண்களை மூடிக்கொண்டார்.

பார்க்க வந்தவர் பார்க்கவில்லை. காது மட்டும் திறந்திருந்தது. இலை சரசரத்தது. குவளை தரையில் உரசியது. யாரோ விழுங்கினார்கள். கஷ்டப்பட்டு, ஒவ்வொரு வாயாக, தொண்டையில் ஏதோ அடைத்திருப்பதுபோல. பிறகு அதுவும் நின்றது.

பக்கத்தில் பலகை அழுந்தியது.

அவருடைய வலப்பக்கம். வியாபாரத்தில் அவன் நிற்கும் பக்கம். தொடையோடு ஒட்டி ஒரு குளிர்ச்சி உட்கார்ந்தது. தண்ணீர் சொட்டும் சத்தம். மடியில் கிடந்த துண்டின் ஓரம் தூக்கிக்கொண்டது. அதற்கு அடியில் ஒரு கை வந்தது.

"புனிதா," என்றார் முருகையா. யாரும் கூப்பிடக் கூடாது என்று பேசி முடித்த பெயர்.

கை காத்திருந்தது. எதிரே வாங்க வந்தவர் யாரும் இல்லை. மழை மட்டும் இருந்தது. முருகையா மழையிடம் விலையைச் சொன்னார். வேறு என்ன சொல்லத் தெரியும் அவருக்கு.

"எம்மகன் உசுரோட வீட்டுக்கு வரணும். வேற பேச்சு கெடையாது."

நடுவிரல்கள் இரண்டும் பிடிபட்டன.

குறை.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும். எண்ண தேய்ச்சிக் குளிச்சிட்டு, அம்மா கையால ரெண்டு இட்டிலி. அப்புறம் நான் கேக்கல."

குறை.

"அவன் மொகத்தை மட்டும் காட்டு."

பிடி வலித்தது. குறை.

"எங்க கெடக்குறன்னு சொல்லு, சாமி. நான் வந்து எடுத்துக்கிறேன். தோள்ல தூக்கிட்டு வந்துடுறேன். ஒரு கொள்ளியாவது..."

குறை.

அதற்குக் கீழே ஒன்றே ஒன்றுதான் மிச்சம். போன வருஷம் இந்தக் கை சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஒரு தடவை கேட்டிருக்கலாம். இரண்டாம் தடவையாவது. முருகையாவின் தொண்டையிலிருந்து வந்தது பேச்சா, ஆடு அறுபடும்போது வரும் அந்தக் காற்றா என்று தெரியவில்லை.

"சரி. நீ செத்துட்ட. எம்மகன் செத்துட்டான். ஒத்துக்கிறேன்டா."

கை முழுவதும் பற்றிக்கொண்டது. ஒரே அழுத்து.

முடி. கொடு.

ஒரு வருஷத்து அழுகை அவருக்குள் இடம் தேடி மோதியது. எல்லாம் முடிந்தது. பேரம் முடிந்தால் இரண்டு கைகளும் விலக வேண்டும், அதுதான் முறை. முருகையா தன் விரல்களை விரித்தார்.

அந்தக் கை விலகவில்லை.

இழுத்தார். வரவில்லை. அது வெறும் பிடியாக இல்லை இப்போது. வெள்ளத்தில் கையில் அகப்பட்ட மட்டையைப் பிடிப்பவனின் பிடி. நகங்கள். மணல். எலும்பு நெரிந்தது.

கதவு தட்டப்பட்டது. சற்றுப் பொறுத்து மறுபடியும். முறைப்படி.

வராதே என்று கத்தினார். வாயில் தண்ணீர் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தாடை வழியே பழுப்பாக வழிந்தது.

கதவு திறந்தது. ரோகினியின் கைப்பேசி வெளிச்சம் தரையில் விழுந்து, ஈரப் பாதங்களின் மேல் ஊர்ந்து, மூன்றாவது இலையில் நின்றது. இலை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நீலச் சட்டை மடிப்புக் கலைந்து கிடந்தது.

"சாப்பிட்டுட்டான்," என்றாள் ராக்கம்மா. அதைச் சொல்லும்போதே அவள் குரல் குழைந்தது.

வெளிச்சம் மேலே ஏறியது. பலகை. முருகையா. மடியில் துண்டு.

"அப்பா." ரோகினி வாசற்படியைத் தாண்டவில்லை. "துண்டுக்கு அடியில யார் கைப்பா அது?"

ராக்கம்மா நடந்து வந்தாள். ஓடவில்லை. தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் வருகிறவளைப்போல் வந்து, ஈரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். முருகையா தலையை ஆட்டினார். ஆட்டி ஆட்டிப் பார்த்தார். கை விடுபட்டிருந்தால், நில் என்று அவள் சுண்டுவிரலைப் பிடித்திருப்பார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, துண்டின் ஓரத்தைத் தூக்கி, உள்ளே நுழைத்தாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் முகம் மலர்வதை முருகையா பார்த்தார்.

"எவ்வளவு குளுந்துபோய்க் கெடக்கு பாரு," என்றாள். பிறகு, தலையைத் திருப்பாமல், தாழ்ந்த குரலில்: "ரோகினி, அந்த வெளிச்சத்த அணைச்சிட்டு இங்க வாம்மா. அண்ணன் கூச்சப்படுறான்."

வாசலில் வெளிச்சம் நடுங்கியது. யாருமே முறுக்காத துண்டு, மூன்று பேருடைய மடிக்கு நடுவே, தானாக முறுக்கிக்கொள்ளத் தொடங்கியது. அதிலிருந்து வழிந்த ஆற்று நீர் தரையில் கோடாக ஓடி, வாசற்படியில் நின்ற ரோகினியின் கால்விரல்களைத் தொட்டது.